எவரும் பாவிக்காத ஏரி

நீர் பொய் சொன்னீர். ரொறன்ரோ நடுநகரத்து ஹோட்டல் மண்டபத்தில், உமது சுரங்கக் கொம்பனியின் கூட்டத்தில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஏரியை இப்போது எவரும் பாவிப்பதில்லை” என்று சொன்னீர். என் அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஏழு வருடமாக அவள் அந்த ஏரிக்குப் போய் வருகிறாள். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம்தான் விளங்கும். இந்த வசனம் விளங்கிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றரில் கோபால்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னர் அங்கே வெள்ளி தோண்டினார்கள். வெள்ளியோடு கூட வந்த கோபால்ட்டைக் குப்பை என்று அரைத்து, பக்கத்து ஏரிகளில் கொட்டினார்கள். ஊரின் பெயரே குப்பையின் பெயர்தான். இப்போது கார் பற்றரிக்கு அந்தக் குப்பைதான் தேவையாம். அதனால் உமது கொம்பனி பழைய சுரங்கம் ஒன்றைத் திறக்கப் போகிறது. சுரங்கத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, பக்கத்தில் மில் ஏரி என்று ஊரார் சொல்லும் சின்ன ஏரியின் அடிச்சேற்றையும் அள்ளப் போகிறது.

அந்த ஏரியில்தான் அக்காவின் மகன் சுதனின் சாம்பலைக் கரைத்தோம்.

கூட்டம் முடிந்த அடுத்த சனிக்கிழமை சுதனின் திவசம். வழக்கம்போலப் புறப்பட்டோம்.

காலை ஐந்தரைக்குப் பார்க்டேலில் இருட்டு. குயின் வீதித் தண்டவாளத்தில் ஸ்ரீற்கார் ஒன்று ஆளில்லாமல் போனது. அக்கா முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறாள். அகதியாக வந்து இறங்கிய அதே கட்டடம். தெரிந்த சனமெல்லாம் வீடு வாங்கிப் போய்விட்டது. அவள் போகவில்லை. கீழே வந்தபோது கையில் ஒரு பை. அதற்குள் சின்ன காஸ் அடுப்பு, கேத்தில், தேயிலை, சீனி, கதலிப் பழம், சுதன் குடித்த பச்சைக் கோப்பை.

அக்காவின் மகள் துஷி மிசிசாகாவிலிருந்து தன் மின்சாரக் காரைக் கொண்டு வந்தாள். பார்க்டேலுக்கு வரும் வழியிலேயே நான் ஏறிக்கொண்டேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் எனக்கு வேலை. அன்று லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தான். சுளிக்கட்டும்.

நானூறாம் நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டேன்.

“துஷி, இந்தக் கார் பற்றரிக்குள்ளையும் உந்தச் சாமான்தானே கிடக்கு?”

“சித்தி, ப்ளீஸ். விடியக் காலமையே ஸ்டார்ட் பண்ணாதேங்கோ.”

“ஓமோ, இல்லையோ?”

“ஓம். கொஞ்சம் இருக்கு. உங்கடை போனுக்குள்ளையும் இருக்கு. அதையும் இப்ப வெளியிலை எறிவமோ?”

பின் சீற்றிலிருந்து அக்கா சொன்னாள்: “இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வாருங்கோ. அவனட்டையெல்லோ போறம்.”

மூடினோம். இதை நான் மறைக்காமல் எழுதுகிறேன். என் கை சுத்தம் என்று சொல்ல வரவில்லை.

பரி நகரம் தாண்டிப் பதினோராம் நெடுஞ்சாலை. இலை முழுக்கக் கொட்டிவிட்டது. ஐப்பசிக் கடைசியில் இந்தப் பக்கம் பார்க்க வருபவர் இல்லை. இலையின் நிறம் பார்க்க வந்த கார்களெல்லாம் இரண்டு கிழமைக்கு முன்னரே திரும்பிவிட்டன. நோர்த் பேயில் காருக்கு மின்சாரம் ஏற்ற நின்றோம். அது ஏறும் வரைக்கும் நாங்கள் கோப்பிக் கடையில் இருந்தோம். அக்கா எதுவும் குடிக்கவில்லை. திவசத்தன்று ஏரிக்கரையில்தான் முதல் வாய் நனைப்பாள்.

நோர்த் பேக்கு அப்பால் வீதி ஒடுங்கிவிடும். போக ஒரு பாதை, வர ஒரு பாதை. இரண்டு பக்கமும் பைன் மரமும் கல்லும். மூஸ் மான் கடக்கும் என்று மஞ்சள் பலகைகள். ரெமகாமிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. அந்த இடத்தில் துஷி வானொலியை நிறுத்துவாள். அக்கா கண்ணை மூடுவாள். வளைவு வருவது அவளுக்கு எப்படித் தெரியுமோ, ஒவ்வொரு வருடமும் சரியாக மூடுவாள்.

சுதன் இங்கே பிறந்த பிள்ளை. வாத்தியாருக்குப் படித்தான். ரொறன்ரோவில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. வடக்கே, கோபால்ட் பக்கம் கொடுத்தார்கள், போனான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைப் பார்க்க வரும் வழியில், அந்த வருடத்து முதல் பனியில், அந்த வளைவில் கார் வழுக்கி லொறிக்குக் கீழே போய்விட்டது. இருபத்தேழு வயது.

சாம்பலை எங்கே கரைப்பது என்று வீடு நிறைய ஆலோசனை. ஒருவர் ஒன்ராறியோ ஏரி என்றார். ஒருவர் ஊருக்கு, கீரிமலைத் தீர்த்தத்துக்கு அனுப்பச் சொன்னார். றிச்மண்ட் ஹில் கோயில் ஐயர், நல்ல தண்ணியாக இருந்தால் போதும் என்றார். அக்கா தன் போனில் இருந்த படம் ஒன்றைக் காட்டினாள். சுதன் ஒரு பாறையில் நிற்கிறான், பின்னால் ஏரி. அடியில் கிடக்கும் கல்லும் படத்தில் தெரிகிறது. அவ்வளவு தெளிவு. “இஞ்சைதான்” என்றாள். அவன் படிப்பித்த பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் இடத்தைச் சொல்ல, நாங்களே தேடிப் போனோம். அவனுக்குப் பிடித்த இடம் என்று நாங்களாகவே முடிவு செய்தோம். ஒரு நாள் அந்தப் பாறையில் நின்றான் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னர் கோபால்ட் வந்தது. மேடும் பள்ளமுமான தெரு. பழைய சுரங்கத்து மரக் கோபுரம் ஒன்று வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. துஷியும் நானும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் சூப்பும் பாணும் எடுத்தோம், ஒன்பது டொலர். கடைக்காரர் அறுபது தாண்டிய வெள்ளைக்காரர். சுரங்கத்தைப் பற்றித் துஷி கேட்டாள்.

“இங்கே தோண்டின வெள்ளியில் உங்கள் ரொறன்ரோவில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. எங்களுக்குக் குழிகள் மிஞ்சின” என்றார்.

“அப்படியென்றால் திரும்பத் திறக்கக் கூடாது என்கிறீர்களா?”

“நாளைக்கே திறக்கட்டும். எனக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றும் இந்த ஊரில் இல்லை.”

அவரோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. காரில் இருந்த அக்காவும் பிள்ளைக்காகத்தானே வந்திருக்கிறாள்.

ஏரிக்கு நாங்கள் எப்போதும் பின்பக்கத்தால்தான் போவோம். சுதனின் நண்பன் சொன்ன வழி அது. தண்டவாளத்தைக் கடந்து, செடிப் பற்றைக்குள்ளால் ஒரு ஒற்றையடிப் பாதை. இந்த முறை மரங்களில் கொம்பனியின் செம்மஞ்சள் அடையாள நாடா கட்டியிருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பாறை அப்படியே இருந்தது. தண்ணீரும் அப்படியே. அடியில் கல் தெரிந்தது. மீன் இல்லை, பாசி இல்லை, ஒரு முறை கோடையில் வந்தபோதுகூட நுளம்புக் கடி இல்லை. ஒவ்வொரு வருடமும் நாங்கள் சொல்வோம், “என்ன துப்புரவான தண்ணி!” ஏழு வருடமாக அதைச் சொன்ன வாய் இது.

அக்கா அடுப்பை மூட்டினாள். கேத்திலை எடுத்துக் கரைக்குப் போய்க் குனிந்தாள். இதுதான் அவளுடைய வழக்கம். எந்த ஐயரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் இருக்கிற தண்ணீரில் அவனுக்குப் பால் விடாத பிளேன் ரீ போடுவாள். முதல் கோப்பையை ஏரியில் ஊற்றுவாள். மிச்சத்தை நாங்கள் குடிப்போம். சுதன் தேத்தண்ணிப் பைத்தியம்.

கேத்தில் தண்ணீரைத் தொடும்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னப் படகு ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தலையில் ஹெல்மெற், முழங்கை வரை றப்பர் கையுறை. சின்னச் சின்னப் போத்தல்களில் ஏரித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் வீசிக் கத்தினாள்.

“அதைக் குடிக்கப் போகிறீர்களா? குடிக்க வேண்டாம்! தொடவும் வேண்டாம்!”

துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தாள். கொம்பனிக்காகத் தண்ணீர் சோதிப்பவள். இருபத்தைந்து வயதுகூட இராது. சொன்னாள்: வெள்ளி அரைத்த காலத்துச் சேறு முழுக்க ஆர்சனிக். நஞ்சு. தண்ணீர் தெளிவாக இருப்பதற்குக் காரணம், அதில் ஒன்றும் உயிரோடு இல்லாததுதான். முன்பக்கப் பாதையில் எச்சரிக்கைப் பலகை பல வருடமாக நிற்கிறதாம். நாங்கள் முன்பக்கம் ஒரு நாளும் போனதில்லை.

“கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்” என்றாள் துஷி.

“கொதிக்க வைத்தால் அது போகாது” என்றாள் அந்தப் பெண்.

பிறகு எங்களைப் பார்த்து, “இங்கே யாரும் வருவதில்லை என்றுதான் எனக்குச் சொன்னார்கள்” என்றாள்.

அக்கா பாறையில் குந்திவிட்டாள்.

“என்னவாம்?”

துஷி தமிழில் சொன்னாள். மெதுவாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். அக்கா கேத்திலைக் கவிழ்த்துத் தண்ணீரைத் திரும்ப ஏரியில் ஊற்றினாள்.

“அப்ப நான்தான் பிள்ளையைக் கொண்டுவந்து நஞ்சுக்குள்ளை போட்டனானோ?”

“அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தாய்க்குத் தெரியவேணும்.”

அந்தப் பெண் துஷியிடம், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். துஷி ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். நான் திரும்பிக்கொண்டேன். அழுதால் அக்கா இன்னும் உடைந்துவிடுவாள்.

அக்கா கண்ணைத் துடைத்தாள்.

“துஷி, உந்தப் பிள்ளையைக் கேள். சேத்தை அள்ளி எங்கை கொண்டு போவினம்?”

லொறியில் ஆலைக்குப் போகும் என்றாள் அந்தப் பெண். அங்கே அமிலத்தில் கரைத்து கோபால்ட்டைப் பிரிப்பார்கள். மிஞ்சும் சேறு? தனக்குத் தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். அதற்காகவே அவளில் எனக்குக் கோபமில்லை.

“அள்ளுற நாள் எண்டாலும் எனக்குச் சொல்லுவினமோ எண்டு கேள்.”

“நான் மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்றாள்.

“மேலை ஆர்? அந்தக் கோட்டுக்காரனோ?” என்றேன் தமிழில். துஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்தப் பெண் தன் பையிலிருந்து குடிதண்ணீர்ப் போத்தலை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா அதைக் கேத்திலில் ஊற்றி, தேயிலை போட்டு, பச்சைக் கோப்பையை நிரப்பினாள். கோப்பையோடு கரைக்குப் போய்க் குனிந்தாள். பிறகு ஏரியில் ஊற்றினாள்.

“இந்த முறையெண்டாலும் நல்ல தண்ணி, ராசா.”

மிச்சத்தை நாலாகப் பிரித்தோம். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக் குடித்தாள்.

திரும்பும் வழியில் அந்த வளைவில் அக்கா கண்ணை மூடவில்லை. திறந்தபடி யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தாள். நோர்த் பேயில் காருக்கு மின்சாரம் ஏறும்போது, பற்றரி எங்கே இருக்கிறது என்று துஷியைக் கேட்டாள். கீழே, எங்கள் காலுக்கு அடியில் என்றாள் துஷி. அதற்குப் பிறகு பார்க்டேல் வரும் வரைக்கும் அக்கா கால் இரண்டையும் சீற்றுக்கு மேலே தூக்கி மடித்துக்கொண்டு இருந்தாள். சுதன் கிடக்கும் சேறும் ஒரு நாள் இப்படி ஒருவரின் காலுக்கு அடியில் வரும்.

டொக்ரரிடம் போனோம். வருடத்துக்கு ஒரு கோப்பை என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், என்றாலும் சோதிப்போம் என்றார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. கீரிமலைக்கு அனுப்பியிருக்கலாம் என்று ஒரு முறை சொன்னாள். ஒரே ஒரு முறை. இப்போது அதையும் சொல்வதில்லை. எங்கள் சனத்துக்கு ஊரில், யுத்தத்தில் செத்த பல பேரின் உடலே கிடைக்கவில்லை. இங்கே இவளுக்கு ஒரு பிள்ளையின் சாம்பலாவது, இன்ன இடத்தில் என்று சொல்ல ஓர் ஏரியாவது இருந்தது. அதையும் லொறியில் ஏற்றப் போகிறார்கள்.

துஷி உமது கொம்பனிக்கு எழுதினாள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. இது ஆர்வமில்லை, ஐயா.

நான் சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. நாங்கள் போன கார் எதில் ஓடியது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் கடைக்காரரின் பிள்ளைகள் திரும்பி வரட்டும். எங்கள் தவறையும் ஒளிக்கவில்லை. பலகையைப் பார்க்காமல் பின்பக்கத்தால் போனோம். ஆனால் அந்த ஏரியை எவரும் பாவிப்பதில்லை என்று நீர் சொன்ன வசனம் இன்னும் அப்படியே நிற்கிறது. அது நிற்கும் வரைக்கும் என் அக்கா இல்லாத ஆள். சுதனும் வெறும் சேறு.

அடுத்த கூட்டம் அதே ஹோட்டலில் என்று அறிவித்திருக்கிறீர். கடிதத்தில் வேண்டாம். உமது உதவியாளர் மூலமும் வேண்டாம். அதே ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்க அந்த வசனத்தைத் திருத்தி, இதையும் சொல்லும்: சேற்றை எந்த நாள் அள்ளுவீர், மிஞ்சுவதை எங்கே கொட்டுவீர்? அக்கா மூன்றாவது வரிசையில் இருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்.