மேடைக்கு மட்டும் இருளர்

பழங்குடிக் கதைகளை ஒருங்கிணைப்பவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையே பரவியிருக்கிறது. இதை மிகுந்த பொறுப்புணர்வோடு மறுக்கிறேன். மைக் செட்காரர் எங்கே குடியிருக்கிறார், பொன்னாடை எந்தக் கடையில் மலிவு, கல்லூரி முதல்வருக்கு எப்போது பசிக்கும் என்பவை தெரிந்தால் போதும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த என் தலையில் 1991இல் 'பழங்குடி கதை, அறிவுப் பகிர்வு மன்றம்' வந்து விழுந்தது. கூடுதல் பொறுப்பு சுமந்து முதுகு வளைந்த சக ஆசிரியர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

அழைப்பு

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் சில இருளர் குடும்பங்கள் இருந்தன. அவர்களில் நன்றாகக் கதை சொல்பவர் கன்னியம்மா என்று கேள்விப்பட்டு, அவர் வேலை செய்த அரிசி ஆலைக்கே போய் அழைத்தேன். மன்றத்தின் நோக்கங்களைக் கால் மணி நேரம் விளக்கினேன். தவிட்டைத் தட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"வர்றேன் சார். எம் பொண்ணு செல்வி பிளஸ் டூ பாஸ் பண்ணிக்கீறா. உங்க காலேஜ்லயே சேக்கணும். சாதி சர்டிபிகேட்டுதான் குடுக்க மாட்றானுங்கோ. நீயும் எனக்கோசரம் ஒரு வார்த்தை சொல்லு."

தழைப் பாவாடை

மன்றத்தின் விழாவுக்குக் கன்னியம்மா பூப்போட்ட நைலக்ஸ் புடவையில் வந்து இறங்கினார். முதல்வரின் முகம் தொங்கிவிட்டது. "இன்னும் கொஞ்சம் பழங்குடியா வரச் சொல்லக் கூடாதாய்யா?" என்று என் காதைக் கடித்தார். நாடகக் குழுவின் பெட்டியைக் கிளறி ஒரு தழைப் பாவாடையை எடுத்து வந்தார்கள். அது தழை அல்ல, பச்சைக் காகிதம் என்பதை ஆய்வு நேர்மை கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

கன்னியம்மா அதை விரித்துப் பார்த்தார். பிறகு முதல்வரின் இடுப்பைப் பார்த்தார்.

"உனக்குத்தான் சார் அளவா கீது. நீ இத்த கட்டிக்கினு ஆடு, நான் மைக்குல கதை சொல்றேன்."

அறிவுப் பகிர்வு

கன்னியம்மா அதே புடவையில் மேடையேறி, எலி வளைக்குள் விருந்துக்குப் போய் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஏழு கன்னிமாரின் கதையைச் சொன்னார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். தேநீர் இடைவேளையில் ஆசிரியர்கள் அறிவைப் பகிர்ந்துகொள்ள வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மூட்டுவலி. வணிகவியல் பேராசிரியர் மட்டும் அவரைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய், கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தபடி, முடி வளர ஏதாவது மூலிகை உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அது தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு ஏன் சார் தலையில துண்டு போட்டுக்கினு திரியறாரு?"

பொன்னாடை

சாதிச் சான்றிதழ் தரும் அதிகாரியையே சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தேன். அதை என் சாமர்த்தியம் என்று நான்கு பேரிடம் சொல்லியும் இருந்தேன். "இந்த அம்மாவைப் பார்த்ததுமே தெரிகிறது, இவர் இம்மண்ணின் மூத்த குடி!" என்று அவர் முழங்கி, பொன்னாடை போர்த்தினார். கேமரா மின்னியது. கன்னியம்மா மைக்கை விடவில்லை.

"பாத்ததுமே தெரியுதுன்னியே சார், அப்போ எம் பொண்ணுக்கு இங்கியே ஒரு கையெழுத்து போட்டுடேன்."

அலுவலகம்

அதிகாரி மேடையில் சிரித்தபடி ஆபீசுக்கு வரச் சொன்னதால், மறுவாரம் கன்னியம்மா, செல்வி, நான் மூவரும் போனோம். செல்வி கண்ணாடி போட்டுக்கொண்டு, மதிப்பெண் பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்து, "இருளர் மாதிரி தெரியலையே" என்றார். பொன்னாடைப் புகைப்படத்தை மேசைமேல் வைத்தேன். "அது விழா சார், இது ஆபீஸ்" என்று என் பக்கமே நகர்த்திவிட்டார். இத்தனை தெளிவான பாகுபாட்டை நான் படித்த எந்த நூலிலும் கண்டதில்லை. பிறகு செல்வியிடம், "பாம்பு பிடிப்பியா? நிஜ இருளர்னா பிடிக்கணுமே" என்றார்.

"நான் பி.ஏ. ஹிஸ்டரிதான் கேட்டிருக்கேன் சார். அதுக்கும் பாம்பு பிடிக்கணுமா?"

லெட்டர்பேட்

செல்வி இருளர் பெண் என்று கல்லூரியே ஒரு கடிதம் தந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார் அதிகாரி. முதல்வரிடம் ஓடினேன். அழைப்பிதழில் 'இருளர் குலக் கதைசொல்லி கன்னியம்மா' என்று கொட்டை எழுத்தில் நாமே அச்சிட்டதை எடுத்துக் காட்டினேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்விடேஷன் மறுநாளே குப்பைக்குப் போயிடும்யா. லெட்டர்பேட்ல எழுதினா நாளைக்கு எவனாவது வந்து கேப்பான்."

ஒருவரை இருளர் என்று ஊரறிய முழங்க எங்களில் எத்தனையோ பேர் இருந்தோம், அதையே ஒரு வரி எழுதித் தரத்தான் ஆள் அகப்படவில்லை.

பி.ஏ. வரலாற்றில் பழங்குடியினருக்கான இடம், தகுதியான விண்ணப்பம் வரவில்லை என்ற குறிப்போடு அந்த ஆண்டு காலியாக இருந்தது. செல்வி மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் முதல் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினாள்.