கரடிக்கு ஒட்டிய சவுரி

எங்கள் வீட்டு வளவுத் தாழ்வாரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி ஒரு கரடி நின்றது. பர்மாவில் கடை வைத்துக் கொண்டுவிற்ற காலத்தில் என் மாமனார் வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பிய, பாடம் செய்த கரடி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் ஆகாது. பிளந்த வாயும் கண்ணாடிக் கண்ணும்! வீட்டுக்குள் யாராவது இதை வைப்பார்களா?

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம் படைப்பு வந்தது. வீட்டு முன்னோருக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடிப் படைக்கிற நாள். மதராஸிலிருந்தும் மலேயாவிலிருந்தும்கூட வந்துவிடுவார்கள். தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் தேய்த்தாயிற்று. மிச்ச எண்ணெயைப் பார்த்த மாமியார், கரடியும் வறண்டுதானே கிடக்கிறது என்று அதற்கும் தேய்க்கச் சொல்லிவிட்டார். தூசி அப்பிப் பிசுபிசுத்தது. எண்ணெய் போக வேண்டுமே? நம் தலைக்கு என்ன செய்வோமோ அதையே செய்தார்: சீயக்காய். கரடிக்கு எண்ணெய் முழுக்காட்டிய வீடு பூலோகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். காய்ந்ததும் வயிற்றில் கை வைத்தால் முடி கொத்தாக வந்தது.

பொது வளவில் நிற்பதால் கரடி பங்காளிகளுக்கெல்லாம் பொது. சொட்டை விழுந்ததைப் பார்த்தால் நம்மை மென்று துப்பிவிடுவார்கள் என்று மாமியார் நடுங்கினார். நான் ஓலைக் கொட்டான் முடைகிறவள், கை நுணுக்கம் உண்டு என்று சொல்லி வேலையை என் தலையில் கட்டினார். தம் கொண்டையில் வைக்கும் சவுரியையே எடுத்துக் கொடுத்தார்.

மரத்தூளைத் தூவித் தூவி எண்ணெயை எடுத்தேன். சவுரியைக் கரடி முடி நீளத்துக்கு நறுக்கி, சிறுசிறு கற்றையாக்கி, தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையில் நுனியைத் தொட்டு ஒட்டினேன். கீழ்வரிசையில் தொடங்கி மேலே போக வேண்டும். ஓடு வேய்வது மாதிரி மேல் வரிசை, கீழ் வரிசையை ஒட்டிய இடத்தை மூடும். நன்றாகத்தான் வந்தது. இரண்டு வயது மகள் என் மடியை விட்டு இறங்கவில்லை. உதிர்ந்த கரடி முடியைப் பொறுக்கி விளையாடினாள், வாயில் வைத்துச் சப்பினாள். பிடுங்கிப் போட்டுவிட்டு, கையைத் தண்ணீரில் அலசி, அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன்.

அது படைப்புக்கு முதல்நாள் காலை. சற்று நேரத்தில் மதராஸிலிருந்து மாமனார் வந்தார். எங்களில் மருமகள் மாமனார் எதிரே நின்று பேசுகிற வழக்கமில்லை. நானும் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாமியார் நடந்ததைச் சொல்லக் கேட்டுக் கரடியைத் தடவிப் பார்த்தவர், வேலை சுத்தமாக இருக்கிறது என்று மெச்சினார். பிறகு மாமியாரிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"அந்தத் தோலு பூராம் பாஷாணம். பூச்சி அரிக்காம இருக்கத் தடவியிருக்காக. ஒட்டுனவளக் கைய நல்லாக் கழுவச் சொல்லு."

வழக்கமாவது மண்ணாவது, கதவைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, பிள்ளை அந்த முடியச் சப்புச்சு. அந்தக் கையாலதான் நான் சோறும் ஊட்டுனேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. காரை எடுக்கச் சொல்லிக் கத்தினார். காரைக்குடி போய்ச் சேரும்வரை குழந்தையின் மூக்கில் விரலை வைத்தபடியே இருந்தேன், மூச்சு வருகிறதா என்று. டாக்டர் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைத்தார். வாந்தியில் இரண்டு மூன்று கறுப்பு முடி கிடந்தது. அதைப் பார்த்ததும் நான் அலறிவிட்டேன். வாந்தியோ பேதியோ கண்டால் உடனே தூக்கி வாருங்கள், நாளை மத்தியானம் தாண்டினால் பயமில்லை என்றார்.

மறுநாள் வீடு நிறையப் பங்காளிகள். படைப்பு நடந்தது. நான் எதையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானமும் தாண்டியது. அவள் எழுந்து உட்கார்ந்து, "ஆத்தா, ஊட்டு" என்றாள்.

குன்றக்குடி முருகா என்று அழுதேன். ஆனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. அப்படியும் அந்தக் கையை நான் நம்பவில்லை. தட்டை அவள் முன்னால் தள்ளினேன். என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானே அள்ளி, பாதியைச் சிந்திச் சாப்பிட்டாள்.

இந்த வயதிலேயே தானாகச் சாப்பிடுகிறாளே, கெட்டிக்காரி என்று சுற்றியிருந்தவர்கள் மெச்சினார்கள். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.