மச்சானின் குரலைத் திருத்தினேன்

என் மனைவியின் அண்ணனுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தபோது எனக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. சண்டையும் இல்லை. பொங்கலுக்குச் சிதம்பரம் போனால் "வாங்க மாப்ள" என்பார். நான் "நல்லா இருக்கீங்களா மச்சான்" என்பேன். அதோடு சரி, இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் முறையாகப் பாட்டுப் படித்தவர். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் டெக்னீஷியன். வீட்டுக்கு வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்கிறவன். நான் செய்வதெல்லாம் அவர் கணக்கில் இசையே இல்லை என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை என்று ரிசல்ட்டும் வந்தது. ஆனால் குரல்வளைக்குப் போகிற நரம்பு ஒன்று பலவீனமாகிவிட்டது. சில மாதங்களில் சரியாகும் என்றார் டாக்டர். மச்சான் அவர் சொன்ன பயிற்சி அத்தனையும் செய்தார். பேச்சு திரும்பியது, கரகரவென்று, காற்று கலந்து. பாட்டு திரும்பவில்லை. கொஞ்சம் மேலே ஏறினால் குரல் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பாதி ஸ்வரத்தில் நிற்கும், இன்னொரு பாதி வெறும் மூச்சாகப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் அவரை வெளியே அனுப்பவில்லை. ஆபீசில் அட்மிஷன் பாரம், டி.சி. பார்க்கிற வேலை கொடுத்தார்கள். எல்லோரும் அதைப் பெரிய உதவி என்றார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் சாயங்காலமானால் என் மனைவி அண்ணனுக்குப் போன் போடுவாள். அவள் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். ஆனால் அந்த மாதங்களில் போன் முழுக்க அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கேக்கலண்ணா, கொஞ்சம் சத்தமா பேசு." சொன்ன மறுநொடி உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவரால் அதைவிடச் சத்தமாகப் பேச முடியாது. அவர் மாடிக்குப் போவார், வாசலுக்குப் போவார். டவர் பிரச்சினை என்கிற மாதிரி "இப்ப கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்பார். ஒரு நாள் அவள் "கேக்குதுண்ணா, நல்லா கேக்குது" என்று பொய் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு விடைத்தாளின் பின்பக்கத்தில் சில வரிகளை எழுதி என் லேப்டாப்மேல் வைத்தாள்.

மாடியேறிப் பேசறேன், இப்ப கேக்குதா
மழைக்கு நடுவுல பேசறேன், இப்ப கேக்குதா
சேதி ஒண்ணும் இல்ல, சும்மாதான், இப்ப கேக்குதா

"இதுக்கு மெட்டுப் போடுங்க" என்றாள். "அண்ணன் பாடட்டும்."

"உன் அண்ணனா? இந்தத் தொண்டையோடயா?"

"உங்க மிஷினுக்குத்தான் தொண்டையே இல்லியே. அதுக்கு இது எவ்ளோ மேல்."

என்னிடம் அப்போது ஒரு தாளம் இருந்தது. எங்கள் பிளாண்டில் ஒரு பழைய பம்ப் உண்டு. மூன்று அடி ஒழுங்காக அடித்துவிட்டு நான்காவது அடியைக் கொஞ்சம் தாமதித்து அடிக்கும். கம்பெனி கேட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதைப் பதிவு செய்ய முடியாது. ஷிப்ட் முடிகிற வரைக்கும் தொடையில் தட்டித் தட்டியே ஞாபகம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சின்தசைசரில் செய்து வைத்திருந்தேன். அந்த வரிகளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நான்காவது அடி வரத் தயங்குகிற இடத்தில் 'இப்ப கேக்குதா' அப்படியே போய் உட்கார்ந்தது.

அவள்தான் போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன வச்சி காமெடி பண்ணாத" என்றார் மச்சான்.

"மேல ஏறவே வேணாண்ணா. எல்லாம் கீழதான். பேசற மாதிரி பாடுனா போதும்."

லைன் போய்விட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கரகரப்பு வந்தது: "சுருதி என்னா?"

ஞாயிற்றுக்கிழமை மைக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். அவர் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். வெளிச்சத்தம் வராமலிருக்க, பீரோ கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தினேன். ஃபேனை அணைத்தாயிற்று. மச்சான் புடவைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கப் பாடினார். ஒரு வரி நன்றாக வரும்போது ரயில் வரும். ரயில் போனபின் தொண்டை கட்டும். அவர் மனைவி வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் முப்பது தடவைக்கு மேல் பாடியிருப்பார்.

இரண்டாவது வரியில் 'மழைக்கு நடுவுல' என்கிற இடம் கொஞ்சம் மேலே போகும். மெட்டுப் போட்டபோது நான் அதை யோசிக்கவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் குரல் பிளந்தது. "மாத்திடறேன் மச்சான்" என்றேன். "வேணா, இருக்கட்டும்" என்று திரும்பத் திரும்ப அதையே பாடினார். கடைசித் தடவையும் பிளந்தது. ஆனால் அவர் நிறுத்தாமல் அந்தக் காற்றோடேயே வரியை முடித்தார். பீரோவிலிருந்து வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லவேண்டும். வீட்டில் உட்கார்ந்து அந்தக் குரலைச் சுத்தம் செய்தேன். கரகரப்பை எடுத்தேன். மூச்சுச் சத்தங்களை வெட்டினேன். பிளந்த இடங்களையெல்லாம் சுருதி திருத்தும் மென்பொருளை வைத்து ஒட்டினேன். ஒட்டியது தெரியாமலிருக்க அதன்மேல் ரோபோ குரல் மாதிரி ஒரு பூச்சு. இந்த வகைப் பாட்டுக்கு அது சகஜம்தான், யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் அதை வகைக்காகச் செய்யவில்லை. ஊர் அவர் குரலைக் கேட்டு 'பாவம்' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். அவரிடம் கேட்கவில்லை.

மனைவி கேட்டுவிட்டு, "நல்லாருக்கு. ஆனா அண்ணன் மாதிரி இல்லியே" என்றாள். "இந்தப் பாட்டுல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்று வாயை அடைத்தேன். மச்சானுக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று மட்டும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பாட்டை வெளியிட்டோம். எழுதியது தங்கை, பாடியது அண்ணன், இசை நான். முதல் வாரம் சொந்தக்காரர்களும் என் கம்பெனிக்காரர்களும் கேட்டார்கள். "பாட்டு சூப்பர், சத்தம் மட்டும் ஜாஸ்தி" என்றார் என் மாமியார். அதன்பிறகு சில கல்லூரிப் பெண்கள் அந்த மூன்று வரியை வைத்து ஒரு ரீல்ஸ் போட்டார்கள். போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வரப்பில் நடப்பதுதான் நடனம். அது எங்கெங்கோ போனது. கேன்டீனில் எனக்குத் தெரியாத ஒருவர் அதை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பாட்டை மறந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கமெண்டுகளும் வந்தன. பாதிப் பேர் பாராட்டியிருந்தார்கள். மீதிப் பேருக்கு ஒரே சந்தேகம்: 'இது ஏஐ குரல்தானே?' 'மனுசன் பாடுன மாதிரியே இல்ல, ஆனா செம.' அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நடுவில் ஒரு பெண் எழுதியிருந்தது மட்டும் சுருக்கென்றது. 'பாடுனவர் பேரு எங்க மியூசிக் சார் பேரு. ஊரும் அதே ஊரு. ஆனா எங்க சார் குரல் இது இல்லியே. வேற யாரோ போல.'

அன்றைக்கு மனைவி போன் போட்டபோது மச்சான் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஷிப்ட் முடிந்ததும், சிப்காட் வாசலிலேயே சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். என்ன சொல்வது என்று ஆலப்பாக்கத்திலிருந்து யோசித்தேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தும் ஒன்றும் தேறவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நின்றேன். மச்சான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்ள, டீ சாப்புடலாம்" என்றார். கீழவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அந்தக் கமெண்ட பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தன். எட்டாவதுலேருந்து எங்கிட்ட படிச்ச பொண்ணு அது."

"ஏஐன்னு சொல்றவனுங்கள எல்லாம் கண்டுக்காதீங்க..."

"அவனுங்கள வுடு மாப்ள. அவனுங்களுக்கு என்னா தெரியும்." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு சொன்னது கரெக்டுதானே? அது என்னோட பழைய குரல் இல்ல. அது போயிடிச்சி, சரி. இப்ப இருக்குற குரலும் இல்ல. அப்பறம் யாரு மாப்ள அங்க பாடுறது?"

நான் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"அன்னிக்கி பீரோவுக்குள்ள அந்த வரிய முடிச்சன் பாரு. ஒடைஞ்சி போனாலும் முடிச்சன். அத நீ கேட்டன்னு நெனச்சன். பாட்டு வந்து பாத்தா அந்த எடமே இல்ல. மொழுமொழுன்னு இருக்குது."

"உங்கள யாரும் பாவம் பாக்கக் கூடாதுன்னுதான் மச்சான்..."

"மொதல்ல பாத்தது நீதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு டீயும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீடுகளில் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பதெல்லாம் பழக்கத்தில் இல்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தோளைத் தட்டி, "சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார்.

அந்தப் பாட்டை எடுத்துவிடலாம் என்றேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தன பொண்ணுங்க ஆடறாங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அண்ணன் பாடுனத தனியாப் போடுங்க." அடுத்தடுத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை மச்சான் செம்மண்டலத்துக்கு வந்தார். முதல் தடவையாக ஒரு மனிதர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர் இல்லை. பாட்டுக்கு அடியில் ஓடுகிற பேஸ், ஸ்வரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது என்றார். சோதித்துப் பார்த்தேன், நின்றது. பல வருஷமாக என் பாட்டுகளில் எல்லாம் அது அப்படித்தான் நின்றிருக்கிறது.

குரல் பிளக்கிற இடத்துக்கு வந்தோம். அங்கே பின்னணி முழுவதையும் நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். "வேணா, அப்பறம் எல்லாரும் பரிதாபமா கேப்பாங்க" என்றார். "பம்ப் அது பாட்டுக்கு அடிக்கட்டும். என் குரல் எங்க வுடுதோ அங்க உன் சின்த் வந்து புடிக்கட்டும். மூடாத. பக்கத்துல நில்லு, போதும்." அவர் பாட்டுக் கற்றுக்கொடுக்கும்போது எப்படி இருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னபடியே செய்தேன். காற்றாகப் போகிற அந்தப் பாதியை சின்தசைசர் எடுத்துக்கொண்டு, வரி முடியும்போது அவரிடமே கொடுத்தது.

இரண்டாவது வடிவத்தை அதிகம் பேர் கேட்கவில்லை. ரீல்ஸில் இன்றைக்கும் ஓடுவது முதலில் போட்டதுதான். 'இது ஏன் இப்படி அடித்தொண்டையில் இருக்கு, பழசே தேவலாம்' என்றுகூட ஒருவர் எழுதினார். மச்சான் அதைச் சத்தமாகப் படித்துக்காட்டிச் சிரித்தார்.

அந்தப் பழைய மாணவி மட்டும் எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து அவரைக் கூப்பிட்டாள். "சார், இது நீங்கதான். ஆனா ஒடம்புக்கு என்னா சார்?" என்று கேட்டிருக்கிறாள். ஆபரேஷனைப் பற்றி வீட்டுக்கு வெளியே யாரிடமும் பேசாதவர், அவளிடம் முழுதாகச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அவள் கணவனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வடலூருக்குப் போகிற வழியில் அவரைப் பார்க்க வந்தாள். நாங்களும் அன்றைக்குச் சிதம்பரத்தில் இருந்தோம்.

"சார், ஒண்ணு பாடுங்க" என்றாள். நான் பதறிப்போய் என் மனைவியைப் பார்த்தேன். மச்சான் மறுக்கவில்லை. எலக்ட்ரானிக் பாட்டு எதுவும் இல்லை, அவர் அவளுக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஒரு சின்னப் பாட்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுருதியைத் தனக்கேற்றபடி இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. அவள் குழந்தையை மடியில் ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். தாளத்தை நிறுத்தவில்லை. அவர் ஒரு ஆவர்த்தனம் மூச்சு வாங்கிக்கொண்டு, உடைந்த அதே வரியிலிருந்து மறுபடியும் எடுத்தார். அவளும் சேர்ந்துகொண்டாள். மேலே போகிற இடங்களை அவள் பாடினாள். கீழே வருகிற இடங்களை அவர் பாடினார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறார். மற்ற நாளெல்லாம் டி.சி. எழுதுகிற வேலைதான். பொங்கலுக்குப் போனபோது நாங்கள் டிவி போடவில்லை. பேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்து, சாப்பாடு ஆறிப்போய், இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.