இடுப்பு எஞ்சினும் என் வாயும்

சூட்டில் கிரீஸும் பழந்துணியும் சேர்ந்து வேகும் வாடை எங்காவது வந்தால் இன்றும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவேன். சேலத்தை ஒட்டிய கரட்டில் "வெள்ளக்கல்லு" என்கிற மேக்னசைட் வெட்டிய குவாரியில், ஒன்றரை முழ அகலத் தண்டவாளத்தில் ஓடிய நீராவி எஞ்சினுக்கு என் அப்பா டிரைவர். முன்னால் ஒரு செட் சக்கரம், பின்னால் ஒரு செட், வளைவுகளில் திரும்புவதற்காக நடுவில் மடங்கும். அதனால் எல்லோருக்கும் அது "இடுப்பு எஞ்சின்".

அந்த இடுப்பில், முன்சக்கரங்களுக்கு ஆவி போகும் குழாயின் மூட்டு எந்நேரமும் கசியும். எஞ்சினுக்கு எந்தச் சாமான் கேட்டாலும், "இனிமே எதுக்குய்யா, லாரி வரப்போவுது" என்பார்கள் ஆபீஸில். ஆனால் ஆவி ஒழுகுவது அவர்களுக்குத் தெரிந்தால் எஞ்சினை ஓரங்கட்டிவிடுவார்கள், அப்பாவின் வேலையும் போய்விடும். அதனால் தினமும் விடிந்ததும் அம்மாவின் பழைய இளம்பிள்ளைத் தறிச் சேலையைக் கிழித்து, கிரீஸில் தோய்த்து, மூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். வீட்டுக்கு வெளியே இது தெரிந்த ஒரே ஆள், எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் ராசு மாமா. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், அப்பாவை "அண்ணா" என்பார், என்னை "சாமி" என்பார்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒரு மதியம் சோற்றுத் தூக்கோடு போனபோது அப்பா கைகழுவப் போயிருந்தார். பெரிய ஆபீஸிலிருந்து வந்த ஒருவர் எஞ்சினைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, உங்கப்பா நல்லா ஓட்டுவாரா?" என்று கேட்டதுதான் தாமதம், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாழாய்ப்போன வாய்! "எங்கம்மா சேலையக் கட்டியே ஓட்டிருவாரு, இல்லன்னா ஆவியெல்லாம் புஸ்ஸுன்னு போயிரும்" என்றேன். மேலே கரி தள்ளிக்கொண்டிருந்த ராசு மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பத்தே நாள். எஞ்சினை நிறுத்தினார்கள், அப்பாவைக் கல் சுமக்கப் போட்டார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த ராசு மாமாவின் சட்டையைப் பிடித்து, "கூடவே இருந்து காட்டிக் குடுத்துட்டியேடா!" என்று அப்பா கத்தினார். மாமா கதவோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். "நான் சொல்லலீங்கண்ணா. உங்க மாதா மேல சத்தியமுங்க" என்று சுவரிலிருந்த மாதா படத்தைக் காட்டியவர், என்னைக் காட்டிக்கொடுக்காமலே படியிறங்கிப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

வருடங்கள் கழித்து ராசு மாமா இறந்த சேதி வந்தபோது, "துரோகி ஊட்டு எழவுக்கு நான் எதுக்குப் போவணும்?" என்று அப்பா உட்கார்ந்தே இருந்தார். அதை நம்பியபடியே அப்பாவும் செத்தார். கடைசிப் படுக்கையில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேனே தவிர, நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை. கோழை.

இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பேரனின் வண்டியில் குவாரிப் பக்கம் போனேன். தண்டவாளம் இல்லை, ஷெட் இல்லை, எஞ்சினை என்றோ வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்; சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. உண்மையைச் சொல்லலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. கல்லறைத் திருநாள் தவறாமல் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ராசு மாமாவைப் புதைத்தார்களா, எரித்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.