காட்டிக்கொடுத்த புருவம்

"எட்டும் அஞ்சும் பன்னெண்டுதானே?" என்று பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் அறியாதவர் போலத் திரும்புகிறார் டீச்சர். "ஐயோ டீச்சர், தப்பு!" என்று கூச்சல் கிளம்புகிறது. "அப்படியா? எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. யாராவது வந்து சொல்லிக் குடுங்களேன்." மாடிப்படிக்கு அடியில் உள்ள அந்தச் சின்ன அறையில், மற்ற வகுப்புகளில் வாயே திறக்காத பிள்ளைகள் டீச்சரைத் திருத்த முண்டியடிக்கிறார்கள்.

பாடத்தில் பின்தங்கியவர்களைத் தேற்றிவிடுவதுதான் அவர் வேலை. எதையும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்கும் பழக்கம் வீட்டிலும் விடாது. "சாப்பாடு மேசை மேல இருக்கு. எங்க இருக்கு?" என்பார். "மேசை மேல, டீச்சர்" என்று கைகட்டிச் சொல்வார் கணவர். ஆனால் 'மக்கு' என்ற சொல்லை மட்டும் அவர் காதுபட யாரும் சொல்லிவிடக் கூடாது. சக ஆசிரியர் ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இத்தனை கெட்டிக்காரருக்கும் ஒரு சறுக்கல். அவரிடம் பக்கம் பக்கமாக வாசித்த ஆறாம் வகுப்புப் பெண், தலைமையாசிரியை முன்னால் ஒரு வரிகூட வாசிக்க முடியாமல் நின்றாள். "அடுத்த வாரம் மறுபடி கேப்பேன். அப்பவும் வரலைன்னா அஞ்சாம் வகுப்புக்குத்தான் போகணும்" என்றார் தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்பில் அவளுடைய தங்கை படிக்கிறாள்.

"என்கிட்ட மட்டும் எப்படிடி வாசிச்சே?"

"சரியாச் சொன்னா உங்க புருவம் மேல போகும், டீச்சர். போகலைன்னா வேற வார்த்தை சொல்லிப் பார்ப்பேன்."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இத்தனை நாளும் அவள் தம் முகத்தைத்தான் வாசித்திருக்கிறாள்!

மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டே அவளை வாசிக்கச் சொன்னார். முதலில் ஒரே தடுமாற்றம், அழுகை வேறு. அழுது முடிக்கும்வரை காத்திருப்பார். பிறகு, "ம், அதே வரி" என்பார், திரும்பாமலே.

அடுத்த வாரம் தலைமையாசிரியையின் அறையில் புத்தகத்தை விரித்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. அப்பதான் எனக்கு வரும்."

டீச்சர் திரும்பிக்கொண்டார். நடுவில் ஒரு சொல்லில் சிக்கி நின்றாள். பிறகு எழுத்துக் கூட்டி, தானே அதைத் தாண்டிப் பக்கத்தின் கடைசிவரை போய்விட்டாள்.

"முடிச்சிட்டேன். இப்ப திரும்பலாம், டீச்சர்."

டீச்சர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறு என்று ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.