பதினாலு வயசுச் சட்டை

பாப்பா, உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கூப்பிட்டபடியே கூப்பிடுகிறேன்.

உன் அக்கா நானும் அம்மாவும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தோம். ஓவர்டைம் முடிந்து வந்தால் சமைக்கத் தெம்பு இருக்காது. புரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வருவோம். பகலில் நீ தனியாக இருப்பாய் என்று பேக்கரி பப்ஸும் க்ரீம் பன்னும் வைத்துவிட்டுப் போவோம். நீ சாப்பிட்டால் எங்களுக்கு நிம்மதி.

ஏற்றுமதியில் கழித்த குழந்தைச் சட்டைகளைக் கம்பெனியில் எங்களுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் வயசு போட்ட லேபிள் இருக்கும். உனக்கு ஒன்பது வயதானபோது பதினாலு வயசுச் சட்டையைத் தேடி எடுத்தேன்.

சூப்பர்வைசர் அண்ணன் சிரித்தார். "ஏம்மிணி, போன தீவாளிக்குப் பத்து, இப்பப் பதினாலா? உன்ற தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கோணுமாட்ட இருக்குதே!"

"எங்கூட்டுப் பாப்பா நல்லாச் சாப்பிடுமுங்க" என்றேன், பெருமையாக.

பிறகு படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. சட்டைதான் இறுக்குகிறது என்று நினைத்து, பெரியவர்கள் அளவில் ஒன்று கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரியில் எடை பார்த்த டாக்டர், "இத்தன எடைய இந்த வயசுல இருதயம் எப்படித் தாங்குமுங்க?" என்றார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்றும் பதினாலு வயசு லேபிள் கைக்கு வருகிறது. தையலைப் பார்த்துவிட்டு அடுக்கி வைக்கிறேன். அழுகை வரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, ஒன்பது வயதில் போன எங்கள் பாப்பாவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.