வண்டிக்கு மேலே ஒரு பெட்டி

ஜெயக்குமாருக்குத் தறிக்குழியில் கால் இருக்கும்வரைதான் தைரியம். எவ்வளவு பெரிய ஜரிகைக் கொடியானாலும் ஒரு இழை பிசகாமல் முந்தானையில் இறக்கிவிடுவான். குழியை விட்டு மேலே ஏறிவிட்டால் போச்சு. காபிக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டால்கூட ஆமாம், இல்லை என்று வாயில் வராது. "பாக்கலாம்" என்பான். பிள்ளையார்பாளையத்தில் அவன் தெருக்காரர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரே "பாக்கலாம் குமாரு" என்பதுதான். நல்ல மனுஷன் என்றும் சொல்வார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவனை வேறு எப்படிச் சொல்வது?

இப்படிப்பட்டவன் தலையில்தான் கேம்பிங் வந்து விடிந்தது. கல்லூரியில் படிக்கும் மூத்தவள் பிரியதர்ஷினி, தோழி ஒருத்தியிடம் டென்ட் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். ஜவ்வாது மலையில் டென்ட் போட்டுத் தங்க இடம் விடுகிறார்களாம், நாமே சமைத்துக்கொள்ளலாமாம். சின்னவன் அபி அன்றைக்கே கூடத்தில் டென்டைப் பிரித்துப் போட்டு அதற்குள் படுத்துக்கொண்டான்.

அவர்களைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் ஒருவர் இருந்தார். ஜெயக்குமாரின் அண்ணன் தணிகாசலம். மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன, பிள்ளை கிடையாது, தம்பி வீடுதான் அவர் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். கூடத்துக் கட்டில், நாற்காலி, சிகிச்சைக்குப் போகும் ஆஸ்பத்திரி. இந்த மூன்றைத் தவிர அவர் வேறு இடத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கும் பழைய காரே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரத்தான் வாங்கியது.

"உள்ள படுத்துக்கினா மேல வானம் தெரியுமா அபி?" என்று அவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

"ஜிப்ப தொறந்தா தெரியும் பெரியப்பா."

"அப்ப தொறந்தே வையிடா. குளிர்ந்தா குளிரட்டும்."

காரில் ஐந்து பேர் உட்காரலாம். வீட்டில் ஐந்து பேர். அதுவரைக்கும் கணக்கு சரி. பின்னால் டிக்கியில்தான் வந்தது வினை. மடித்த நாற்காலியை வைத்தால் டென்ட் போகவில்லை. உருளையான பையில் அது ஆட்டுக்கல் போலக் கனமாக உட்கார்ந்துகொண்டது. டென்டை வைத்தால் நாற்காலி வெளியே நின்றது. அடுப்பு, பாத்திரம், போர்வை எல்லாம் இன்னும் தரையில் கிடந்தன.

"மேல பாக்ஸ் வெக்கலாம்பா, ரூஃப் பாக்ஸ்," என்று பிரியதர்ஷினி போனை நீட்டினாள். காருக்கு மேலே கறுப்பாக, வழவழப்பாக, கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி ஒரு பெட்டி. "டென்ட், போர்வ எல்லாம் மேல போய்டும். டிக்கி ஃப்ரீ."

ஜெயக்குமார் பார்த்தான். "பாக்கலாம்" என்றான்.

அதன்பின் அந்த வீட்டில் பெட்டியைத் தவிர வேறு பேச்சில்லை. காற்றில் வண்டி இழுக்கும், பெட்ரோல் குடிக்கும் என்றாள் மனைவி துர்காதேவி. வருடத்துக்கு ஒருமுறை போகிற ஊருக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, மிச்ச நாளில் அதை எங்கே வைப்பது? பிரியதர்ஷினி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. பெட்டி இருந்தால் அண்ணன் வருவார். பெட்டி இல்லையென்றால் அண்ணன் இல்லை. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அந்த மனுஷன் நாலடி தள்ளிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டல்லவா இருக்கிறார்? வீடு அவ்வளவுதான். ரகசியம் பேச வேண்டுமென்றால் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் துர்காதேவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மாமா வந்தா எனக்கும் சந்தோஷம்தாங்க. மலையில பாத்ரூமுக்கு இன்னா பண்ணுவாரு? உங்களால ஒருத்தரா தூக்க முடியுமா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுப்பவள் அவள்தான். ஜெயக்குமாருக்கு அது புரிந்தது. அண்ணனின் ஆசையும் புரிந்தது. இரண்டும் புரிந்ததுதான் அவன் கஷ்டம். ஏதாவது ஒன்று புரியாமல் இருந்தால் சட்டென்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.

கடைசியில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், கார் சாமான் கடை வைத்திருக்கும் வேல்முருகனிடம் போய் நின்றான். பெட்டியின் நீளத்தை முழம் போட்டுப் பார்த்தான். அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தான். வண்டியின் கூரையையும் அப்படியே பார்த்தான். கச்சிதம்.

"மாட்டி வுடறேன், ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் பாருண்ணா. புடிக்கலன்னா கொண்டாந்துடு," என்றான் வேல்முருகன்.

பெட்டியைச் சுமந்துகொண்டு கார் தெருவுக்குள் வந்தபோது ஜெயக்குமாருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாழ்க்கையில் தானாக எடுத்த முதல் முடிவு. அபி கத்திக்கொண்டு ஓடி வந்தான். வாசல் வரைக்கும் நாற்காலியை உருட்டிக்கொண்டு அண்ணனும் வந்துவிட்டார். வீட்டுப் பக்கவாட்டில் தகர ஷீட் போட்ட கொட்டகைதான் கார் நிற்கும் இடம். ஜெயக்குமார் வண்டியைத் திருப்பி உள்ளே விட்டான். பெட்டியின் மூக்கு கொட்டகையின் குறுக்கு மரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

எதிர்வீட்டு வீரபத்திரன் வெளியே வந்து பார்த்தார். "நீளம் பாத்தியா குமாரு?"

"பாத்தேன்."

"அகலம்?"

"பாத்தேன்."

"உயரம்?"

ஜெயக்குமார் தலையை வெளியே நீட்டிக் கொட்டகை மரத்தை அண்ணாந்து பார்த்தான். தணிகாசலம் வாசலிலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். "சேலைக்கு ஏதுபா உயரம்? பொறந்ததுலருந்து நீளமும் அகலமும்தான் அவனுக்குத் தெரியும்." தெருவே சிரித்தது. ஜெயக்குமாரும் சிரித்தான், வேறு வழியில்லாமல்.

வண்டியைத் தெருவிலேயே விட்டுவிடலாமே என்றால், அந்தத் தெருவில் அது நடக்காது. விடியற்காலையில் தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவை, அந்த நீள இழைகளை, தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறும் முன் சுருட்டியாக வேண்டும். ஒருவர் வீட்டுப் பாவு தெருவில் இறங்கினால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கைகொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த நேரத்தில் சைக்கிள்கூடக் குறுக்கே வராது. வண்டி எங்கே நிற்பது? கொட்டகையைத்தான் உயர்த்த வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஆள் பிடித்துப் பெட்டியைக் கழற்ற வேண்டும்; கழற்றினால் அதை வைக்க வீட்டில் இடமில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, அண்ணன் முடித்துவைத்தார்.

"பெட்டிய குட்துடு குமாரு. நான் வர்ல. எனக்கு மலக்குளிர் ஒத்துக்காது."

குளிர்ந்தால் குளிரட்டும் என்று சொன்னவர் அவர்தான். அது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஜெயக்குமார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியெல்லாம் இல்லை, நீ வரத்தான் வேண்டும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் அந்த மனுஷன் எதிர்பார்த்தார். அது தொண்டை வரைக்கும் வந்தது. துர்காதேவியின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

"பாக்கலாம்ணா," என்றான்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அண்ணனை ஜாமத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஓரிக்கையிலிருந்து ஒரு சொந்தக்காரப் பையனை வரச்சொல்லி ஏற்பாடு ஆனது.

கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை. இருட்டோடு சாமான் ஏற்றினார்கள். டென்ட் பை அப்போதும் முரண்டு பிடித்தது. அடுப்பை வைத்தால் பை வெளியே வந்தது. பையை வைத்தால் தண்ணீர் கேன். பொறுக்காமல் துர்காதேவி டென்டைப் பையிலிருந்து உருவினாள். பட்டுக்கடையில் சேலை மடிக்கிற கை அவளுடையது. வாசலிலேயே அதை விரித்து, நான்காக மடித்து, இன்னும் மடித்து, உள்ளங்கையால் காற்றை அழுத்தி வெளியேற்றி, பட்டுச்சேலையைப் பெட்டியில் வைப்பதுபோல் இருக்கைகளுக்கு அடியில் தட்டையாகச் செருகிவிட்டாள். கம்பிகளைப் பக்கத்தில் சொருகினாள். "ஏறுங்க, ஏறுங்க, யாராச்சும் பாவு போட்டாங்கன்னா மாட்டிக்குவோம்," என்று அவசரப்படுத்தினாள்.

தணிகாசலம் வாசலில் நாற்காலியில் இருந்தார். குளித்திருந்தார். மழித்திருந்தார். தேய்த்த சட்டை; கழுத்தில் மப்ளர். வழியனுப்பத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறார் என்று ஜெயக்குமார் நினைத்துக்கொண்டான். "போய்ட்டு வரோம்ணா" என்றான். அவர் வலக்கையைத் தூக்கினார். கார் கிளம்பியது.

ஊருக்கு வெளியே பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நின்றார்கள். தண்ணீர் எடுக்க அபி டிக்கியைத் திறந்தான்.

"அப்பா, இங்க வாயேன்."

ஜெயக்குமார் போய்ப் பார்த்தான். அடுப்பும் பாத்திரமும் போர்வையும் தண்ணீர் கேனும் ஒரு பக்கமாக அடங்கியிருந்தன. மறுபக்கம் மேலிருந்து கீழ்வரை காலி. மடித்த நாற்காலி ஒன்று நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் காலி. துர்காதேவியும் வந்து பார்த்தாள். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது. டென்டை மடிக்கலாம் என்பது இத்தனை நாளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நெசவுக்காரன் வீட்டில், எல்லோரும் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"திருப்புங்க," என்றாள் துர்காதேவி. "பாத்ரூம் கீத்ரூம் எல்லாம் அங்க போய் பாத்துக்கலாம். திருப்புங்க மொதல்ல."

முதல்முறையாக ஜெயக்குமார் பாக்கலாம் என்று சொல்லவில்லை. வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினான். ஆனால் தெருமுனையில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாம்பழ மஞ்சளில் பட்டுப்பாவு தெரு முழுக்க நீண்டு கிடந்தது. வீரபத்திரன் வீட்டுப் பாவு. இந்த ஞாயிற்றுக்கிழமை என்று போன வாரமே வந்து சொல்லிவிட்டுப் போனார். பெட்டி நினைப்பில் ஜெயக்குமார் அதைச் சுத்தமாக மறந்திருந்தான்.

இறங்கி, சுவரை ஒட்டி நடந்தான். பாவுக்கு மறுபக்கம், அதன் நடு நீளத்தில், நாற்காலிச் சக்கரத்தைப் பூட்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். அதே தேய்த்த சட்டை. வலக்கையில் ஒரு மூங்கில் குச்சி. அறுந்த இழை எங்கே என்று கண்ணால் பிடித்து, குச்சியால் காட்ட, ஆட்கள் வந்து முடிந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாபா, எதுனா மறந்துட்டியா?"

"வாண்ணா, போலாம். டிக்கியில எடம் இருக்குது. நாற்காலி நல்லா போவும்."

"தெரியுமே," என்றார் தணிகாசலம். "துர்கா மடிக்கசொல்லோ பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஜெயக்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மப்ளரைப் பார்த்தான். நாற்காலிக் கைப்பிடியில் மாட்டியிருந்த மாத்திரைப் பையைப் பார்த்தான். அதற்குப் பின்தான் விளங்கியது, அவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்தது வழியனுப்ப அல்ல என்று.

"ஏண்ணா ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அண்ணன் அதைச் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கண் பாவின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

வீரபத்திரன் பக்கத்தில் வந்தார். "கூட்டிக்கினு போ குமாரு. நாங்க பாத்துக்கறோம்."

"அதெப்படி வீரபத்திரா?" என்றார் தணிகாசலம். "எங்க வீட்டு ஆளுன்னு ஒருத்தன் வேணும். பாவுல உக்காந்தவன் சுருட்டற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது. இவன்தான் மறந்துட்டான்னா நானும் மறக்கறதா?"

"அப்ப நான் உக்கார்றேன், நீ போண்ணா."

"வண்டிய யாரு ஓட்டறது?"

ஜெயக்குமார் முடியும்வரை காத்திருக்கிறோம் என்றான். இன்றைக்கு இழை அதிகமாக அறுகிறது, சுருட்டி முடிக்க உச்சி வெயில் ஆகிவிடும், அதற்குமேல் கிளம்பினால் மலையேறி டென்ட் போடுவதற்குள் இருட்டிவிடும், குழந்தைகளை வைத்துக்கொண்டு அது சரிவராது என்று அண்ணனே பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாம் நியாயம். அண்ணன் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்ததுதான் கொடுமை. தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பாவைத் தாண்டி எப்படித் தூக்குவது?

"அந்தாண்ட ஒண்ணு அறுந்துக்கினு இருக்குது பாரு," என்று தணிகாசலம் குச்சியை நீட்டினார். "அத முடிஞ்சிட்டு போ."

ஜெயக்குமார் குனிந்தான். மஞ்சள் இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நுனியையும் தேடிப் பிடித்து முடிந்தான். பிறகு வந்த வழியே சுவரை ஒட்டி நடந்தான்.

"பெரியப்பா எங்கப்பா?" என்றான் அபி.

துர்காதேவி தெருமுனையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். வழியில் சாமான்கள் சரிந்து ஆடாமல் இருக்க, தண்ணீர் கேனைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைத்தாள்.